கம்பியும் காக்க வழி செய்த வள்ளல்

காரைக்குடி என்றதும் நமக்குச் செட்டிநாட்டுச் சமையலும் பெரிய வீடுகளும்தான் ஞாபகம் வரும். சிவில் படிக்கிற நாம் டாக்டர் அழகப்பச் செட்டியாரையும் நினைக்க வேண்டும்.

1909 ஏப்ரல் 6-ல் கோட்டையூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில எம்.ஏ., பிறகு லண்டனில் பாரிஸ்டர் படிப்பு. விமானம் ஓட்டவும் அங்கேயே கற்றார்! தொழுநோய் வந்தும் மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. நூற்பாலை முதல் பல தொழில்களில் சம்பாதித்தார். சம்பாதித்ததைக் கல்விக்குக் கொடுத்தார். கிண்டியில் 1944-ல் வந்த அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி அவர் பணத்தில் எழுந்தது. 1947-ல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. ஊர்தோறும் கல்லூரி வேண்டும் என்று துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் பேசியதும், கூட்டத்திலேயே எழுந்து காரைக்குடிக்கு ஒன்றை அறிவித்தார். அதே ஆண்டில் கல்லூரி வந்தேவிட்டது.

எனக்குப் பெரிதாகத் தெரிவது அடுத்தது. அரசு தேசிய ஆய்வுக்கூடங்கள் அமைத்துவந்த நேரம் அது. காரைக்குடிக்கும் ஒன்று வரட்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் ராதாகிருஷ்ணன் திறந்தார். அதுதான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம். துருவை ஆராய்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று.

1957 ஏப்ரல் 5-ல் செட்டியார் மறைந்தார். 48 வயது நிறைய ஒரு நாள் பாக்கி.

அவர் காலத்துக்குப் பின் அங்கே உருவானதுதான் கம்பிக்கான சிமெண்ட் குழம்புப் பூச்சு. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைக் காக்கும். உப்பு உள்ளே போனால் அந்தக் காப்பு உடைந்துவிடும். துரு, இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைப்பதால் கான்கிரீட் வெடிக்கும். இது கடற்கரைச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். எங்க ஆனைக்குட்டத்தில் கடல் கிடையாது. ஆனால் உப்புத் தண்ணியில் கலவை போட்டால் எந்த ஊர் தளத்துக்கும் இதே கதிதான்.

முதலில் அமிலத்தில் துரு நீக்கி, கழுவி, பாஸ்பேட் தடவி, மறுபடி கழுவ வேண்டும். பிறகு துருத்தடுப்பு மருந்து கலந்த சிமெண்ட் குழம்பைப் பிரஷ்ஷால் இரண்டு கோட் அடித்து, மேலே ஸீலிங் கரைசல் பூச வேண்டும். எபாக்ஸிப் பூச்சுக்கு ஃபாக்டரி தேவை. இதைச் சைட்டிலேயே செய்யலாம். எங்கப்பா கம்பி கட்டுகிறவர். அவர் மாதிரி ஆட்களே கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான். ஆனால் வெட்டி வளைத்த பிறகுதான் பூச வேண்டும். முன்னாடியே பூசினால் வளைக்கும்போது உதிரும். கட்டும்போது உரிந்த இடத்தில் மறுபடி பிரஷ் போட்ட பிறகே கான்கிரீட் கொட்ட வேண்டும்.