எரேமியா வாங்கிய நிலம்

இறைவாக்கினர் எரேமியா என்றதும் கண்ணீர்தான் நம் நினைவுக்கு வரும். எருசலேமுக்கு அருகேயுள்ள அனத்தோத்தில் குருக்கள் குடும்பத்தில் பிறந்தவர். கி.மு. 627-ஆம் ஆண்டளவில் இறைவன் அழைத்தபோது, தாம் சிறுபிள்ளை என்று தயங்கினார். ஆண்டவரின் கட்டளைப்படி மணமுடிக்கவில்லை. சொந்த ஊராரே அவர் உயிரைப் பறிக்கத் தேடினர். பாரூக்கு எழுதிய அவரது ஏட்டுச்சுருளை யோயாக்கிம் அரசன் துண்டு துண்டாக அறுத்து நெருப்பில் போட்டான். எரேமியா மீண்டும் சொல்ல, பாரூக்கு மீண்டும் எழுதினார். சேறு நிறைந்த பாழ்ங்கிணற்றிலிருந்து அவரைத் தூக்கிவிட்டவர் எத்தியோப்பியரான எபேது மெலேக்கு. கயிறு அக்குளை அறுக்காதிருக்கக் கந்தைத் துணிகளையும் இறக்கிய அந்த மனிதரின் கரிசனையைப் பாருங்கள்!

ஆனால் எரேமியாவின் விசுவாசம் எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒரு நிலப் பத்திரத்தில். பாபிலோனியப் படை நகரை முற்றுகையிட்டிருந்தது. அவரோ காவலில் இருந்தார். நகர் வீழும் என்று முன்னறிவித்தவரும் அவரே. அந்நேரத்தில் உறவினர் அனமேல் வந்து, அனத்தோத்திலுள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னார். யார் வாங்குவார்? எரேமியா 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் கையொப்பமிட்டனர், பத்திரம் மண்பாண்டத்தில் வைக்கப்பட்டது. இந்நாட்டில் மீண்டும் வீடும் வயலும் வாங்கப்படும் என்பது ஆண்டவர் தந்த வாக்கு.

கி.மு. 587-இல் நகர் எரிந்தது. எஞ்சியோர் எரேமியாவை எகிப்துக்குக் கொண்டுசென்றனர். அந்த நிலத்தில் அவர் விதைத்ததாகத் திருவிவிலியம் எங்கும் சொல்லவில்லை.