பிளேஸ் பஸ்கால் (1623 – 1662)

மாணவர்களே, அமுக்கக் கணக்கின் விடையில் பஸ்கால் என்ற அலகை எழுதாமல் விட்டால் புள்ளி குறையும் என்பதை அறிவீர்கள். அந்த அலகு ஒரு மனிதரின் பெயர். அவர் செய்வித்த ஒரு பரிசோதனையை விளங்கிக்கொண்டால், இரச நிரலின் உயரத்தைப் பஸ்காலுக்கு மாற்றும் முறை எளிதில் மறக்காது.

பிளேஸ் பஸ்கால் 1623 யூன் 19 ஆம் திகதி பிரான்சின் கிளெர்மொன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். வரி அலுவலரான தந்தை எத்தியேன் அவருக்கு வீட்டிலேயே கல்வி புகட்டினார். பதினாறு வயதில் கூம்பு வளைவுகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தந்தை வரிக் கணக்குகளைக் கூட்டிக் களைப்பதைக் கண்டு, 1642 இல் பற்சில்லுகளால் இயங்கும் கணிக்கும் பொறியொன்றை அமைக்கத் தொடங்கினார்.

அக்காலத்தில் இத்தாலியரான தொரிசெல்லியின் பரிசோதனை பேசப்பட்டது. ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் இரசத்தை நிரப்பி, இரசமுள்ள பாத்திரத்தில் கவிழ்த்தால், இரசம் ஏறத்தாழ 76 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும். அதைத் தாங்குவது எது? இயற்கை வெற்றிடத்தை வெறுப்பதே காரணம் என்றனர் பலர். வெளியேயுள்ள வளியின் நிறையே காரணம் என்றார் தொரிசெல்லி. 1646 இல் இதனைக் கேள்வியுற்ற பஸ்கால், இரண்டில் எது சரி எனத் தீர்க்க ஒரு வழி கண்டார். வளியே இரசத்தைத் தாங்குகிறது எனின், மலையுச்சிக்கு மேலே வளி குறைவு. ஆகவே அங்கு இரசம் தாழ வேண்டும்.

பரிசில் இருந்த பஸ்கால் நோயாளி. எனவே கிளெர்மொனில் வசித்த தமது அக்காவின் கணவர் புளோரன் பெரியேயிடம் இப்பணியை ஒப்படைத்தார். 1648 செப்ரெம்பர் 19 இல் பெரியே சிலருடன் புய் டு டோம் மலையில் ஏறினார். அதன் உச்சி கடல் மட்டத்திலிருந்து 1465 மீற்றர் உயரமானது. கிளெர்மொனில் ஒரு மடத்தின் தோட்டத்தில் மற்றொரு குழாய் வைக்கப்பட்டது. ஒரு துறவி அதை நாள் முழுவதும் கவனித்தார், இரசமட்டம் மாறவில்லை. இதுவே கட்டுப்பாட்டுப் பரிசோதனை. உச்சியில் இரசம் தெளிவாகத் தாழ்ந்திருந்தது. வெவ்வேறு இடங்களில் ஐந்து முறை அளந்தும் அதே வாசிப்பே கிடைத்தது. வளியின் நிறையே காரணம் என்பது உறுதியாயிற்று.

பெரியே பழைய பிரெஞ்சு அங்குலத்தில் அளந்தார். அது ஏறத்தாழ 2.7 சென்ரிமீற்றர், ஆங்கில அங்குலமோ 2.54 சென்ரிமீற்றர். நமது அளவில் கீழே 71.2 சென்ரிமீற்றர், உச்சியில் 62.7 சென்ரிமீற்றர். வித்தியாசம் 8.5 சென்ரிமீற்றர். இது நீளம் மட்டுமே. அமுக்கமாக மாற்றுவோம்.

அமுக்கம் = உயரம் × அடர்த்தி × புவியீர்ப்பு ஆர்முடுகல்
= 0.085 × 13 600 × 10
= 11 560 பஸ்கால்

உயரத்தை மீற்றரில் பிரதியிட்டதைக் கவனியுங்கள். 8.5 என்றே பிரதியிட்டால் விடை நூறு மடங்காகிவிடும். பலர் புள்ளி இழப்பது இப்படியில் தான்.

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தில் பிரயோகிக்கும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் சமமாகக் கடத்தப்படும் என்பதும் பஸ்கால் கண்ட தத்துவமே. வாகனத்தை உயர்த்தும் நீரியல் உயர்த்தி இதன்படியே இயங்குகிறது. 1654 இல் பேர்மாவுடன் கடிதம் மூலம் நிகழ்தகவுக்கு அடித்தளமிட்டார். அவ்வாண்டின் இறுதியிலிருந்து சமய வாழ்வில் பெரிதும் ஈடுபட்டார். 1662 ஓகஸ்ட் 19 இல், 39 வயதில் பரிசில் காலமானார். திரவங்கள் பற்றிய அவரது நூல் மறு ஆண்டே அச்சில் வந்தது.

1971 இல் நிறைகள் அளவைகள் பற்றிய சர்வதேசப் பொது மாநாடு, சதுர மீற்றருக்கு ஒரு நியூற்றன் என்ற அமுக்கத்துக்குப் பஸ்கால் எனப் பெயரிட்டது.

நினைவில் வைத்திருங்கள்
• 1 வளிமண்டல அமுக்கம் = 101 325 பஸ்கால்
• 1 பார் = 100 000 பஸ்கால்
• சதுர அங்குலத்துக்கு 1 இறாத்தல் (ரயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் காணும் அலகு) = ஏறத்தாழ 6 895 பஸ்கால்

பயிற்சி
1. குருதியமுக்கம் 120 மில்லிமீற்றர் இரசம் எனின், அது எத்தனை பஸ்கால்? (விடை: 0.12 × 13 600 × 10 = 16 320)
2. கிளெர்மொனில் இரசம் 76 சென்ரிமீற்றரில் நிற்காமல் 71.2 இல் நின்றது ஏன்? அந்நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீற்றர் உயரத்தில் உள்ளது என்பதைக் கொண்டு விளக்குக.