ஏ. ஜி. பிரேசர் (1873 – 1962)
கண்டியில் தாய்மொழிக் கல்விக்கு வழிவகுத்த அதிபர்

மாணவர்களே, மலைநாட்டின் கல்வி வரலாற்றிலே மறக்க முடியாத பெயர்களுள் ஒன்று அலெக்சாண்டர் கார்டன் பிரேசர் என்பதாகும். இவர் 1904 தொடக்கம் 1924 வரை கண்டி திரித்துவக் கல்லூரியின் அதிபராகப் பணியாற்றினார்.

இளமையும் சமயப் பின்னணியும்

பிரேசர் 1873 இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தார். இவரது குடும்பம் பிரெஸ்பிற்றேரியன் சபையைச் சார்ந்தது. மலைநாட்டில் கோப்பி பயிரிட வந்த ஸ்கொட்லாந்துத் துரைமார் பலரும் இச்சபையினரே. அவர்கள் கண்டியில் அமைத்த ஸ்கொட்ஸ் கேர்க் ஆலயத்தை நீங்கள் கண்டிருக்கலாம். மக்கள் தம் சொந்த மொழியில் வேதாகமத்தை வாசிக்க வேண்டும், அதற்கு ஊர்தோறும் பாடசாலை வேண்டும் என்பது 1560 முதலே இச்சபையின் கொள்கையாகும்.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திற் கற்ற பிரேசர், சீ.எம்.எஸ். எனப்படும் அங்கிலிக்கன் மிஷன் சங்கத்தின் சார்பில் 1900 இல் உகண்டாவுக்குச் சென்றார். பின்னர் அதே சங்கம் 1872 இல் கண்டியில் ஆரம்பித்த கல்லூரியைப் பொறுப்பேற்றார்.

தாய்மொழிக்கு இடம்

அக்காலத்தில் ஆங்கிலப் பாடசாலைகள் கேம்பிரிட்ஜ் பரீட்சைகளுக்கே மாணவரைத் தயார்செய்தன. ஆங்கிலம் தெரிந்தால் அரசாங்க உத்தியோகம் கிடைக்கும் என்பதே பெற்றோரின் எண்ணம். இதனால், சிங்களத்திலோ தமிழிலோ ஒரு கடிதம் எழுதத் தெரியாமலே பலர் படித்து வெளியேறினர். ஊராருக்குப் பயன்படாத கல்வி கல்வியாகாது என்று பிரேசர் கருதினார். எனவே சிங்களத்தையும் தமிழையும் தமது கல்லூரியின் பாடங்களாக்கி, ஒவ்வொரு மாணவனும் தன் தாய்மொழியைக் கற்க வேண்டுமென வலியுறுத்தினார். ஆட்சியாளரின் இனத்தைச் சேர்ந்த ஒருவரே இதனைச் செய்தமை அக்காலத்தில் புதுமையாக இருந்தது.

சமூக சேவை

கல்லூரியில் மாணவர் சமூக சேவைச் சங்கம் இயங்கியது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் கண்டி நகரின் சேரிகளுக்குச் சென்று, அங்குள்ள ஏழைகளின் வாழ்க்கை நிலையை நேரிற் கண்டனர். இம்முயற்சியில் உதவிய ஆசிரியர் நோர்மன் கம்பல் முதலாம் உலகப் போரில் உயிர்நீத்தார்.

இலங்கைக்கு வெளியே

இந்தியாவின் கிராமக் கல்வியை ஆராய 1919 இல் மிஷன் சபைகள் நியமித்த ஆணைக்குழுவுக்குப் பிரேசர் தலைமை தாங்கினார். சேலத்தைச் சேர்ந்த தமிழரான கே. ரி. பாலும் அதில் அங்கம் வகித்தார். 1924 இல் ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்ற் சென்று, அச்சிமோட்டா கல்லூரியின் முதல் அதிபரானார். அந்நாடே இன்றைய கானா ஆகும். அங்கும் ஆபிரிக்க மொழிகளுக்கு இடமளித்தார். கானாவின் தலைவராக விளங்கிய குவாமே நிக்ருமா அங்கு பயின்றவர்.

கண்டியிலே பிரேசர் காலத்தில், 1923 இல், கல்லூரி ஆலயத்தின் கட்டுமானம் தொடங்கியது. கண்டி மகுல் மடுவத்தின் தூண்களை ஒத்த செதுக்குத் தூண்களுடன் அமைந்த இவ்வாலயம் 1935 இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பிரேசர் 1962 இல் காலமானார்.

மதிப்பீடு

பிரேசரின் பணியிற் குறைகளும் உண்டு. தாய்மொழி ஒரு பாடமாக வந்ததேயன்றி, பயிற்றுமொழி ஆங்கிலமாகவே இருந்தது. கட்டணம் செலுத்த வேண்டியிருந்தமையால், அயலிலுள்ள தோட்டங்களின் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அக்கல்வி எட்டாக்கனியாயிற்று. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்த பின்னரே ஏழைகளுக்கும் வழி பிறந்தது. ஆயினும் தாய்மொழியைத் தாழ்வாக எண்ணிய காலத்தில் அதனை வகுப்பறைக்குள் அழைத்து வந்தவர் என்ற பெருமை பிரேசருக்கு உரியது. இன்று நீங்கள் வரலாற்றையும் விஞ்ஞானத்தையும் தமிழிலே கற்று, தமிழிலே விடை எழுதுகிறீர்கள். இது எளிதிற் கிடைத்த உரிமையன்று என்பதை மனதிற் கொள்ளுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. பிரேசர் கண்டியில் அதிபராகப் பணியாற்றிய காலம் யாது?
2. தாய்மொழியைக் கற்பிக்க அவர் விரும்பியதற்கான காரணத்தை விளக்குக.
3. அவரது பணியின் நிறைகள் இரண்டையும் குறைகள் இரண்டையும் எழுதுக.