கடிகாரத்துக்குத் தலை வணங்கிய கார்ப் பந்தய வீரர்

ஐரோப்பாவில் மொனாக்கோ என்று ஒரு குட்டி நாடு இருக்கிறது. அதன் பரப்பு சுமார் 2 சதுர கிலோ மீட்டர்தான். ஒரு பக்கம் மலை. மறு பக்கம் கடல். நடுவே வளைந்து வளைந்து போகும் குறுகலான தெருக்கள். அந்தத் தெருக்களில்தான் உலகப் புகழ் பெற்ற மொனாக்கோ கார்ப் பந்தயம் நடைபெறுகிறது.

அந்த மண்ணில் பிறந்து, அந்தப் பந்தயத்தில் வெற்றி வாகை சூடியவர் லூயி ஷிரோன். அதே பந்தயத்தில், 58வது வயதில், கலந்து கொள்ளும் தகுதி பெறாமல் திரும்பியவரும் அவர்தான்!

ஓட்டல் ஊழியரின் மகன்

ஷிரோன் 1899-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி பிறந்தார். தந்தை ஓட்டல் ஊழியர். சிறு வயது முதலே ஷிரோனுக்குக் கார் என்றால் உயிர். முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு ராணுவத் தளபதிகளுக்குக் கார் ஓட்டினார். போர் முடிந்ததும் பந்தயத்தில் குதித்தார். விரைவிலேயே முன்னணி வீரர் ஆகி விட்டார்.

அந்தக் காலத்துப் பந்தயங்களில் இரண்டு வகை வீரர்கள் இருந்தார்கள். கார்க் கம்பெனிகளுக்காக ஓட்டியவர்கள் ஒரு வகை. ஆசைக்காக, தங்கள் கைக்காசைப் போட்டு, சொந்தக் காரில் ஓட்டிய அமெச்சூர் வீரர்கள் இன்னொரு வகை. இரு வகையினரும் ஒரே களத்தில் மோதினார்கள். அப்படியானால், யார் முன்னால் நிற்பது? யார் பின்னால் நிற்பது?

சீட்டுக் குலுக்கல்

இதற்கு அன்று ஒரு சுலபமான வழி இருந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். வந்த எண்ணுக்கு ஏற்ற இடத்தில் காரை நிறுத்த வேண்டியதுதான்.

பார்த்தால் நியாயம் போலத்தான் தோன்றும். பணக்காரன், ஏழை என்ற பேதம் சீட்டுக்கு இல்லையே! ஆனால் மொனாக்கோ தெருக்கள் குறுகலானவை. முன்னால் போகும் காரை முந்துவது பெரும் பாடு. அங்கே பின் வரிசையில் மாட்டிக் கொண்டவர், எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் திண்டாட வேண்டியதுதான்.

முதல் மொனாக்கோ பந்தயம் 1929-ம் ஆண்டு நடந்தது. ஜெர்மன் வீரர் ருடால்ப் கரச்சியோலாவுக்குச் சீட்டில் 15வது இடம் விழுந்தது. அவர் அங்கிருந்து பாய்ந்து வந்து மூன்றாவதாக முடித்தார்.

அந்த ஆண்டு ஷிரோன் மொனாக்கோவில் இல்லை. அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் நடந்த 500 மைல் பந்தயத்துக்குப் போயிருந்தார். அங்கே ஏழாவது இடம் பெற்றார். அமெரிக்காவில் கடிகாரத்தை வைத்து, வேகத்தைக் கணக்கிட்டுத் தகுதி பார்க்கும் வழக்கம் அப்போதே இருந்தது.

1930-ம் ஆண்டு ஷிரோன் சொந்த ஊர்ப் பந்தயத்தில் ஓடினார். ஆனால் ரெனே டிரேபஸ் என்ற வீரர் அவரை வென்று விட்டார். டிரேபஸ் தமது காரில் கூடுதலாக ஒரு பெட்ரோல் தொட்டியைப் பொருத்தியிருந்தார். அதனால் நடுவில் நிற்கவே இல்லை. ஷிரோன் பெட்ரோல் போட நின்றார். பந்தயத்தைப் பறி கொடுத்தார். விதியில் அதற்குத் தடை இல்லை. யோசித்தவர் ஜெயித்தார்!

மறு ஆண்டு, 1931-ல், ஷிரோன் புகாட்டி காரில் 100 சுற்றுகளையும் முதலாவதாக முடித்தார். ஊரே கொண்டாடியது.

கடிகாரம் வந்தது

1933-ம் ஆண்டு ஷிரோனும் கரச்சியோலாவும் கூட்டுச் சேர்ந்தார்கள். சொந்தப் பணத்தில் கார்கள் வாங்கித் தனிக் குழு அமைத்தார்கள்.

அந்த ஆண்டுதான் மொனாக்கோவில் பழைய முறை ஒழிந்தது. ஐரோப்பாவின் கிராண்ட் பிரீ பந்தயங்களில் முதல் முறையாக, சீட்டுக்குப் பதில் கடிகாரம் இடத்தை முடிவு செய்தது. பயிற்சி நாட்களில் யார் ஒரு சுற்றைக் குறைந்த நேரத்தில் ஓடி முடிக்கிறாரோ, அவருக்கே முதல் இடம்.

அந்த இடத்தைப் பிடித்தவர் இத்தாலிய வீரர் வார்சி. பந்தயத்தில் அவரும் நுவோலாரியும் மாறி மாறி முந்தினார்கள். கடைசிச் சுற்றில் நுவோலாரியின் கார் புகைந்து நின்றது. வார்சி வென்றார்.

ஆனால் அந்தப் பயிற்சியில் ஒரு சோகமும் நடந்தது. கரச்சியோலாவின் கார் சுவரில் மோதியது. தொடை எலும்பு நொறுங்கியது. பிழைத்தார்; ஆனால் ஒரு கால் குட்டையாகி விட்டது.

சாட்சி இல்லாத தீர்ப்பு

ஷிரோனின் வாழ்வில் ஒரு கறையும் உண்டு.

எல்லே நீஸ் என்று ஒரு பெண். மேடையில் நடனம் ஆடிப் புகழ் பெற்றவர். பிறகு கார்ப் பந்தயத்தில் இறங்கி ஆண்களுக்குச் சமமாக ஓட்டினார். 1936-ல் பிரேசில் நாட்டில் நடந்த விபத்தில் படுகாயம் அடைந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1949-ல், மாண்டி கார்லோ கார் ஓட்டப் போட்டிக்கு வந்தார். மீண்டும் தலை தூக்கலாம் என்பது அவர் ஆசை.

அதற்கான விருந்தில், பலர் முன்னிலையில், ஷிரோன் அந்தப் பெண் மீது பழி சுமத்தினார். போர்க்காலத்தில் அவர் ஜெர்மன் ரகசியப் போலீசின் கையாளாக இருந்தார் என்பது குற்றச்சாட்டு. ஆதாரம்? எதுவும் காட்டவில்லை.

ஊர் வாயை மூட முடியுமா? எல்லே நீசின் பந்தய வாழ்வு அத்தோடு முடிந்தது. 1984-ல் வறுமையில் இறந்தார். பந்தயப் பாதையில் நொடியைக் கூட அளந்து பார்த்தவர்கள், ஒரு பெண்ணின் மானத்தை அளக்காமலே தீர்ப்புச் சொல்லி விட்டார்கள்!

16 இடம்

ஷிரோனுக்கு வயது ஏறியது. ஆனால் ஆசை குறையவில்லை. 1954-ல் மாண்டி கார்லோ கார் ஓட்டப் போட்டியில் வென்றார். 1955-ல் மொனாக்கோவில் ஆறாவதாக வந்தார். அப்போது அவருக்கு வயது 55. உலகச் சாம்பியன் பட்டப் பந்தயம் ஒன்றில் அவரை விட அதிக வயதில் ஓடியவர் வேறு யாரும் இல்லை.

1958-ம் ஆண்டு மே மாதம். ஷிரோன் மீண்டும் வந்தார். மசராட்டி கம்பெனி முந்திய ஆண்டோடு பந்தயத்திலிருந்து விலகியிருந்தது. அதன் பழைய கார்கள் தனி மனிதர்களின் கைக்குப் போயிருந்தன. அப்படி ஒரு மசராட்டியில்தான் ஷிரோன் ஓட்டினார்.

போட்டியில் 16 பேருக்கு மட்டுமே இடம். குறுகிய தெருவில் அதற்கு மேல் விட்டால் ஆபத்து. மெதுவாகப் போகும் கார், பின்னால் பாய்ந்து வருபவரின் உயிருக்கே உலை வைத்து விடும். ஆகவே குறைந்த நேரத்தில் ஓடிய 16 பேரைத்தான் எடுத்துக் கொண்டார்கள்.

ஷிரோனின் நேரம் போதவில்லை. பிறந்த ஊர். ஜெயித்த பாதை. ஊரெல்லாம் தெரிந்த முகம். ஆயினும் அவருக்காக 17வது இடம் ஒன்று உண்டாக்கப்படவில்லை.

இத்தாலியப் பெண் மரியா தெரசா டி பிலிப்பிசும் அதே நாளில் தகுதி பெறாமல் நின்றார். பெண் என்பதற்காக அல்ல, நேரம் போதாததற்காக! அடுத்த மாதமே பெல்ஜியத்தில் ஓடி 10வதாக முடித்தார். உலகச் சாம்பியன் பட்டப் பந்தயத்தில் ஓடிய முதல் பெண் அவர்தான்.

சொந்தக்காரில் வருகிற எளியவர்களைக் கடிகாரம் விரட்டி விடுகிறதே என்று சிலர் நினைக்கலாம். அந்தப் பந்தயத்தில் வென்றது யார்? மாரிஸ் டிரிண்டிஞா. அவர் ஓட்டியது ராப் வாக்கர் என்ற தனி மனிதர் அனுப்பிய சின்னஞ்சிறு கூப்பர் கார். பெரிய கம்பெனிகள் எல்லாம் அதன் பின்னால்தான் வந்தன!

கடைசி நாட்கள்

பிற்காலத்தில் ஷிரோன் மொனாக்கோ பந்தயத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றார். தாம் எந்த விதிக்குக் கட்டுப்பட்டு ஒதுங்கினாரோ, அந்த விதிகளைக் காக்கும் வேலை இப்போது அவருக்கு! 1979-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி, 79வது வயதில் காலமானார்.

பாதையின் ஒரு வளைவுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. 2016-ல் வந்த புகாட்டி காருக்கும் அவர் பெயர்தான். மொனாக்கோவில் பிறந்த இன்னொருவர் அங்கே வெல்ல 93 ஆண்டுகள் ஆயின. 2024-ல் சார்ல் லெக்லேர் வென்றார். அவரும் முதல் நாள் கடிகாரத்தின் முன் நின்று, முதல் இடத்தைச் சம்பாதித்த பிறகுதான் வென்றார்.