ஆறடிப் படுக்கை

பாரதியார் 1916-இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியபோது, அக்கவிதைக்குப் புத்துயிர் ஊட்டிய மசாவோகா ஷிகி மறைந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹொக்கு என்று வழங்கிவந்த பதினேழசைப் பாவுக்கு ஹைக்கூ என்னும் பெயரை நிலைநிறுத்தியவர் அவரே. மரபு வழிவந்த அலங்காரங்களை விலக்கிக் கண்ணெதிரே உள்ளதைக் கண்டவாறு தீட்டுக என்பது அவர் கொள்கை. அக்கொள்கைக்கு அவர் வாழ்க்கை வைத்த தேர்வு கொடியது.

1867-இல் மட்சுயாமா நகரில், எளிய சாமுராய்க் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். 1889-இல் இருமலோடு குருதி வந்தது. குருதி கக்கும்வரை பாடும் எனச் சொல்லப்படும் குயிலினப் பறவையின் பெயரையே புனைபெயராக்கிக்கொண்டார். 1895-இல் சீனப் போர்முனைக்குச் செய்தியாளராகச் சென்று, திரும்பும் கப்பலிலேயே நோய் முற்றினார். மறு ஆண்டு, காசம் முதுகெலும்பில் இறங்கிவிட்டது தெரிந்தது.

அதன்பின் அவருலகம் நெகிஷி வீட்டின் ஓர் அறையும் அதனை ஒட்டிய சிறு தோட்டமுமே. 1899-இன் இறுதியில் நண்பர் கியோஷியின் முயற்சியால் தாள் ஒட்டிய கதவுக்கு மாற்றாகக் கண்ணாடிக் கதவு அமைந்தது. படுத்தபடியே தோட்டத்தைக் காண முடிந்தது அவருக்குப் பெருஞ்செல்வமாயிற்று. கோழிக்கொண்டைப் பூக்கள், பந்தலில் தொங்கிய பீர்க்கு ஆகியவற்றை நாள்தோறும் புதியனவாகப் பார்த்தார். உண்டவற்றையும் வேளைதோறும் குறித்தார்: கஞ்சி, பச்சை மீன் துண்டுகள், கோகோ கலந்த பால், இனிப்பு ரொட்டி, பழங்கள். சாவின் விளிம்பிலிருந்த ஒருவர் தின்ற பண்டங்களின் பட்டியல், நல்ல கவிதைக்குரிய துல்லியத்தோடு நிற்கிறது.

அந்தச் சுவைக்கு விலை கொடுத்தவர்கள் அன்னை யாயேயும் தங்கை ரிட்சுவும். அண்ணனுக்கு மீன் வாங்கிய தங்கை தனக்கு ஊறுகாயே போதும் என்றிருந்தாள். சீழ் வடிந்த புண்களை நாள்தோறும் துடைத்துக் கட்டியவளும் அவளே. அவளைப் பரிவற்றவள் என்று நாட்குறிப்பில் கடிந்து எழுதிய ஷிகி, அவளில்லாத ஒரு நாளைக்கூடத் தம்மால் கடக்க இயலாது என்பதையும் எழுதினார். இரண்டையும் மறைக்காததே அவர் நேர்மை.

1901 அக்டோபர் 13 அன்று வீட்டில் தனித்திருந்தபோது மைக்கூட்டுப் பெட்டியிலிருந்த சிறு கத்தியும் ஊசியும் அவரை அழைத்தன. சாவுக்கு அஞ்சவில்லை, வேதனைக்கே அஞ்சினார். தேம்பி அழுதார். அன்னை திரும்பிவந்தார். பின்னர் அந்தக் கத்தியையும் ஊசியையும் நாட்குறிப்பில் வரைந்துவைத்தார். பூவை வரைந்த அதே கை.

1902 மே மாதம் முதல் ‘நிப்பொன்’ நாளிதழில் ‘ஆறடிப் படுக்கை’ என்ற தொடரை எழுதினார். ஒருநாள் அவருக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று ஆசிரியர் குழு அதை நிறுத்திவைக்க, காலையில் இதழில் அதைக் காணாமல் அழுததாகக் கடிதம் விடுத்தார். எந்நிலையிலும் கலங்காமல் சாவதே ஞானம் என்று தாம் நெடுநாள் எண்ணியிருந்தது பிழை, எந்நிலையிலும் கலங்காமல் வாழ்வதே அது என்று கண்டுகொண்டதும் அத்தொடரில்தான். அக்கோடையில் மார்ஃபின் வலியைத் தணித்த பொழுதுகளில் பழங்களையும் பூக்களையும் வண்ணத்தில் தீட்டினார். 127 பகுதிகள் வந்தன. இறுதிப் பகுதி செப்டம்பர் 17-இல்.

மறுநாட்காலை பேசவும் இயலவில்லை. தங்கை பலகையைப் பிடிக்க, நண்பர் ஹெகிகொதோ தூரிகையை மையில் தோய்த்துக் கொடுக்க, இருமலுக்கு இடையிடையே மூன்று ஹைக்கூக்கள் எழுதினார். மூன்றும் பீர்க்கைப் பற்றியவை. அதன் தண்டுநீர் சளிக்கு மருந்து. முழுநிலா நாளில் எடுக்க வேண்டியது, அவ்வாண்டு எடுக்கப்படாமற் போயிற்று. எழுதி முடித்ததும் தூரிகையை நழுவவிட்டார். வெள்ளைப் படுக்கைவிரிப்பில் சிறிது மை படிந்தது. அன்று நள்ளிரவு கடந்து, செப்டம்பர் 19 பிறந்த சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது.