ஆயிரம் முகம் கொண்ட நடிகர்

அமெரிக்க நாட்டின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் 1883ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் லான் சேனி பிறந்தார். அவர்தம் தந்தையார், தாயார் இருவரும் செவிப்புலன் அற்றவர்கள். ஆதலின் அவ்வீட்டில் கைகளும் கண்களுமே பேசின. லானுக்குப் பத்து வயது ஆகும் வேளையில் தாயார் வாதநோயால் படுக்கையுற்றார். சிறுவன் பள்ளியை விட்டு நின்று, அன்னைக்குப் பணிவிடை செய்தான். ஊரில் அன்றன்று கண்டவற்றையெல்லாம் அவர்முன் நடித்துக் காட்டுவான். பிற்காலத்து நடிகருக்கு அந்நோயாளியின் கட்டிலருகே முதல் அரங்கமாயிற்று.

இளமையில் நாடகக் கொட்டகையில் பொருள்களை எடுத்து வைத்தார். சுவர்களுக்குத் தாள் ஒட்டினார். 1902இல் மேடையேறி, ஊர் ஊராகச் செல்லும் குழுக்களோடு பத்தாண்டுகள் ஆடியும் பாடியும் அலைந்தார். பொருள்தான் சேரவில்லை.

பின்னர் யுனிவர்சல் படநிறுவனத்தில் சிறு வேடங்கள் பல புனைந்தார். 1918இல் வாரத்திற்கு 125 டாலர் ஊதியம் வேண்டினார். அவர் 100 டாலருக்கு மேல் பெறத் தகுந்தவர் அல்லர் என்று மேலாளர் மறுத்துவிட்டார். சேனி அந்நிறுவனத்தை விட்டு வெளியேறினார். வேலையின்றிச் சில காலம் துன்புற்றார். மறு ஆண்டே, ‘தி மிராக்கிள் மேன்’ என்ற படத்தில், முடவனாக நடித்து ஊரை ஏய்க்கும் ஒருவனின் வேடத்தில் தோன்றினார். முறுக்கிய கைகால்கள் மெல்ல நிமிரும் அக்காட்சி அவருக்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது.

அக்காலத்து நடிகர் பலர் தம் ஒப்பனையைத் தாமே செய்துகொண்டனர். எனினும் சேனியைப் போல் உடலை வருத்திக்கொண்டோர் அரியர். 1920இல் காலிழந்தவனாக நடிக்கக் கால்களைப் பின்புறம் மடக்கி வாரால் இறுகக் கட்டிக்கொண்டார். வலி மிகுதியால் நெடுநேரம் அந்நிலையில் இருத்தல் இயலவில்லை. விக்டர் ஹ்யூகோவின் நாவலில் வரும் கூனனாக 1923இலும், மண்டையோடு போன்ற முகமுடைய இசைக்கலைஞனாக ‘தி பேன்டம் ஆஃப் தி ஆப்பரா’ என்ற படத்தில் 1925இலும் தோன்றினார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியமும் திரைப்பட ஒப்பனை குறித்து அவரிடமே கட்டுரை கேட்டுப் பெற்றது. ஆயினும் ஒப்பனையே அவர் கலை என்பது பொருந்தாது. முகம் கோரமாயினும், அதனுள்ளிருந்த துயரத்தைக் கண்களால் உணர்த்தினார். அஞ்சி வந்தோர் இரங்கிச் சென்றனர்.

பேசும்படம் வந்தபோது சேனி உடனே அதில் நடிக்க இசையவில்லை. இறுதியில், முன்பு ஊமைப்படமாக நடித்த ‘தி அன்ஹோலி த்ரீ’ என்ற கதையில் மீண்டும் நடித்தார். கிழவி, கிளி, பொம்மை என ஐந்து குரல்களில் பேசினார். அவை யாவும் தம் குரலே எனச் சான்றுப் பத்திரத்தில் கையொப்பமும் இட்டார். 1930 ஜூலையில் அப்படம் வெளிவந்தது. அவர் பேசி நடித்த படம் அது ஒன்றே.

அதற்குள் புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. குரல் அடியோடு ஒடுங்கியது. பெற்றோரிடம் சிறுவயதில் பேசியதுபோலவே, கடைசி நாள்களில் அருகிருந்தோரிடம் கைகளால் பேசினார். 1930 ஆகஸ்ட் 26ஆம் நாள், தமது நாற்பத்தேழாம் வயதில் மறைந்தார்.