புதிய விதிகளை வென்ற மீர் சுல்தான் கான்

எமது தமிழ்ப் பாடசாலையில் இடைவேளை மணி ஒலித்ததும் மாணவர் சிலர் சதுரங்கப் பலகையை விரித்துவிடுவர். எந்தத் தொடக்க நகர்வுகளை மனனஞ் செய்தால் விரைவில் வெல்லலாம் என்று எம்மிடம் வினவுவர். அதற்கு விடையாக ஒருவரது வாழ்க்கையைக் கூற விழைகின்றோம்.

மீர் சுல்தான் கான், இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாப் பகுதியின் மித்தா திவானா என்னும் ஊரிற் பிறந்தவர். சிறுவயதில் தந்தையாரிடம் அவர் கற்றது இந்தியச் சதுரங்கம். அதிற் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். கோட்டை கட்டும் முறையும் வேறு. 1929 இல் சேர் உமர் ஹயாத் கான் என்னும் செல்வந்தர் அவரை இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். அங்கே விதிகளும் புதியன. தொடக்க நகர்வுகளும் புதியன. வின்டர், யேட்ஸ் என்னும் ஆங்கிலேய வீரர்கள் அவருக்குப் பயிற்சியளித்தனர். அவ்வாண்டே பிரித்தானிய வாகையர் பட்டம் பெற்றார்; 1932, 1933 ஆம் ஆண்டுகளிலும் வென்றார்.

1930 இல் நாம் வாழும் இந்த ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் நடைபெற்ற ஒலிம்பியாட்டில், இங்கிலாந்தின் முதற்பலகையில் அமர்ந்து 17 ஆட்டங்களில் 11 புள்ளிகள் ஈட்டினார். அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய ஹேஸ்டிங்ஸ் போட்டியில், முன்னாள் உலக வாகையர் கப்பபிளாங்காவைத் தோற்கடித்தார். அவசரத் தாக்குதலால் அன்று. எதிரியின் காய்களைச் சிறிது சிறிதாக நெருக்கியே வென்றார்.

ஆயினும், தொடக்க அறிவின் குறை அவருக்குத் தடையாகவே இருந்தது என்பதை மறைத்தல் தகாது. தொடக்கத்தில் இழந்ததை நடுஆட்டத்திலும் இறுதியிலும் அவர் போராடி மீட்கவேண்டியிருந்தது.

ஆகவே மாணவர்களே, வெள்ளைக்கு ஒரு தொடக்கமும், கறுப்புக்கு இரண்டு தற்காப்புகளும் இப்போதைக்குப் போதும். நடுக்கட்டங்களைக் காத்தல், காய்களை வெளிக்கொணர்தல், அரசனைப் பாதுகாத்தல் என ஒவ்வொரு நகர்வின் காரணத்தையும் அறிந்து ஆடுங்கள். மூலோபாயம் எங்கே செல்வதென்று காட்டும். தந்திரோபாயம் வழியிலுள்ள பள்ளத்தைக் காட்டும். அரசனையும் அரசியையும் ஒருங்கே தாக்கும் ஒரு குதிரை, நெடுநேரம் வகுத்த திட்டத்தையும் குலைத்துவிடும். எனவே நாள்தோறும் சில புதிர்களை விடுவியுங்கள். தோற்ற ஆட்டங்களை மீண்டும் ஆடிப் பாருங்கள்.

1933 இன் பின் சுல்தான் கான் தாயகம் திரும்பினார். ஐரோப்பிய அரங்குகளில் அவர் மீண்டும் ஆடவில்லை. 1966 இல் மறைந்தார். உலகச் சதுரங்கச் சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024 இலேயே.

புதிய நாட்டின் மொழியையும் விதிகளையும் நடுவயதிற் கற்க நேர்ந்த எமக்கு, அவரது கதை மிக நெருக்கமானது. பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் கார்ல்ஸ்ரூஹேயிற் பிறந்தவர்கள். இந்நாட்டின் விதிகள் அவர்களுக்குப் புதியன அல்ல. அவர்கள் ஆடும்போது அருகில் அமருங்கள். வென்றாயா என்று கேட்குமுன், ஏன் அப்படி நகர்த்தினாய் என்று கேளுங்கள்.